ஒரு லிட்டருக்கு முப்பது லிட்டர்

(வானொலியில் ஆற்றிய ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



கானாவூர்த் திருமணத்தைப் பற்றி நான் பேசிய ஞாயிறுக்குப் பிறகு ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். பெயர் போடவில்லை. "ஃபாதர், கடைசியில் வந்ததுதான் நல்ல இரசம் என்று சொன்னீர்கள். நல்ல இரசம் என்று ஒன்று இருக்கிறதா? என் வீட்டுக்காரர் வாங்கி வருகிற எதிலும் நான் நல்லதைக் கண்டதில்லை." அவ்வளவுதான் கடிதம்.

இந்தக் கடிதத்தைப் பல நாள் என் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பதில் எழுத முகவரி இல்லை. முகவரி இருந்திருந்தாலும் உடனே என்ன எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை. கானாவில் ஆறு கற்சாடிகளிலிருந்து மொண்ட இரசம் எப்படி இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நல்ல இரசம் என்று நான் மனதாரச் சொல்லக்கூடிய ஒன்றை வாழ்க்கையில் ஒருமுறை கண்டிருக்கிறேன். அது எப்படி உருவாகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துமிருக்கிறேன். அதைச் சொல்கிறேன். அந்தச் சகோதரி இன்று கேட்டுக்கொண்டிருந்தால், கடைசிவரை கேட்கும்படி வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் தந்தை குடித்தவர். கூலி கிடைத்த நாளில் சாராயக் கடை, கிடைக்காத நாளில் கடன் சொல்லி அதே சாராயக் கடை. நான் குருவானவனாகத் திருநிலைப்படுத்தப்பட்ட நாளில், பீடத்துக்கு வெளியே ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். யாரும் கேட்டு வாங்கிய வாக்கு அல்ல, நானாகச் சொன்னது.

சில ஆண்டுகள் கழித்து மேற்படிப்புக்காக உரோமைக்கு அனுப்பப்பட்டேன். என்னோடு படித்த ஸ்பெயின் நாட்டுக் குரு ஒருவர் கோடை விடுமுறையில் தம் ஊருக்கு அழைத்துப் போனார். ஸ்பெயினின் தென்கோடியில், அந்தலூசியாவில், ஹெரெஸ் என்ற ஊர். அரபியர் ஆண்ட காலத்தில் அதன் பெயர் ஷெரீஷ். அந்தப் பெயரைத்தான் ஆங்கிலேயர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ஷெர்ரி என்று ஆக்கிக்கொண்டார்கள். அந்த ஊரைச் சுற்றி விளையும் திராட்சை இரசத்துக்கும் அதுவே பெயர் ஆயிற்று.

ஷெர்ரி என்றாலே இனிப்பு என்று நாம் நினைப்பதுண்டு. உண்மையில் அந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் விரும்பிக் குடிப்பது இனிப்பே இல்லாத வகை. நான் சொல்ல வந்தது மற்றொன்று. ஆண்டுக்கணக்கில் கிடந்து கறுத்துப்போன, கருப்பட்டிப் பாகு போன்ற இனிப்பு இரசம். அதற்கு 'பெத்ரோ ஹிமெனெஸ்' என்று பெயர். அது ஆளின் பெயர்போல ஒலித்தாலும் திராட்சையின் பெயர். வெள்ளைத் திராட்சை, தோல் மெல்லியது. இந்த இரசத்துக்கான திராட்சையில் பெரும்பகுதி இன்று ஹெரெஸில் விளைவதில்லை. வடகிழக்கே உள்நாட்டில், கோர்தோபா மாநிலத்தில் இன்னும் வெயில் கடுமையாக உள்ள மொந்தியா பகுதியில் விளைகிறது. அங்கே பிழிந்த இரசத்தை ஹெரெஸுக்குக் கொண்டுவந்து முதிரவைக்கச் சட்டம் இடம் தருகிறது.

பழத்தைப் பறித்தவுடன் பிழியமாட்டார்கள். மலைச்சரிவில் தரையிலே கோரைப்பாய் மாதிரியான பாய்களை விரித்து, குலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வாரம், வெயிலைப் பொறுத்துச் சில நாள் கூடக்குறைய, அப்படியே கிடக்கும். குனிந்து நின்று ஒவ்வொரு குலையையும் கையால் திருப்பிப் போட வேண்டும். பனி இறங்கும் இரவுகளில் மூடிவைக்க வேண்டும். வேலைக்காரர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர் நாற்று நடவுதான் நினைவுக்கு வந்தது. பச்சையாக இருந்த பழம் பொன்னிறமாகி, பழுப்பாகி, சுருங்கி, நம் பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சைபோல ஆகிவிடும். உள்ளிருந்த நீரில் பெரும்பகுதி வெயிலோடு போய்விட்டது. மிஞ்சியிருப்பது இனிப்பு.

உலர்ந்த திராட்சையைப் பற்றி அந்த ஊரில் ஒரு பழைய செய்தி சொல்வார்கள். 10ஆம் நூற்றாண்டில் கலீபா இரண்டாம் அல்-ஹகம் மது கூடாது என்று கொடிகளையெல்லாம் பிடுங்கச் சொன்னாராம். இதில் பாதி உலர்திராட்சையாகி உங்கள் படைவீரர்களுக்குத்தானே உணவாகிறது என்று ஊரார் முறையிட்டார்களாம். மூன்றில் ஒரு பங்கு கொடிகள் மட்டும் போயின, மற்றவை பிழைத்தன என்கிறார்கள்.

உலர்ந்த பழத்தைப் பிழிவது எளிதல்ல. உங்கள் வீட்டில் கிஸ்மிஸ் பழத்தைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள், தெரியும். குழைந்த பழத்துக்கு இடையிடையே புல்லால் முடைந்த வட்டப் பாய்களை அடுக்கி, பெரிய அழுத்தம் கொடுத்துத்தான் சாறு எடுக்கிறார்கள். தேன்போல இறங்குகிறது. அதை நொதிக்க விட்டால், அத்தனை இனிப்பில் ஈஸ்ட்டே திணறுகிறது. அது கொஞ்சம் வேலை செய்யத் தொடங்கியதும், திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 212 கிராம் சர்க்கரைக்குக் குறைந்தால் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. பழையவற்றில் 400 கிராமையும் தாண்டும். நீரிழிவு உள்ளவர்கள் என் கதையைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாராயம் சேர்க்கிறார்கள் என்றதும் சிலருக்கு முகம் சுளித்திருக்கும். எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது. ஆனால் நம் பீடத்து இரசத்திலும் இது உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்த இயற்கையான இரசமாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம், எண் 924. வெப்ப நாடுகளில் இலேசான இரசம் சீக்கிரம் புளித்துக் காடியாகிவிடும். ஆகவே திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தை அளவோடு சேர்த்துக் காப்பாற்றலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமை அனுமதி தந்தது. அதே உரோமை, குடிநோயிலிருந்து மீண்டு வரும் குருக்கள் ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைப் பலியில் பயன்படுத்தலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆம், குருக்களிலும் அந்த நோயாளிகள் உண்டு. ஒரு சொட்டும் ஆகாத உடல்கள் உண்டு என்பது பலிபீடத்துக்கே தெரியும்.

இனி ஹெரெஸுக்குத் திரும்புவோம். நண்பரின் தாய்மாமன் ஒரு பெரிய இரசக் கிடங்கில் மேலாள். அதற்குள் எங்களை அழைத்துப் போனார். அந்தக் கிடங்குகளை ஊரார் பேராலயங்கள் என்று சொல்வது வேடிக்கைக்காக அல்ல. தடித்த சுவர், மிக உயரமான கூரை, எட்டாத உயரத்தில் சின்னச் சன்னல்கள், அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மேல்காற்று உள்ளே நுழைவதற்கு. தரை முழுவதும் மஞ்சள் மணல். கோடையில் அந்த மணலில் தண்ணீர் தெளித்துக் குளிர்ச்சி ஏற்றுகிறார்கள். வெளியே நாற்பது டிகிரி வெயில். உள்ளே போனதும் நான் என்னையறியாமல் குரலைத் தாழ்த்திவிட்டேன்.

வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கறுப்புச் சாயம் பூசிய ஓக் மரப் பீப்பாய்கள். கசிந்தால் உடனே கண்ணில் படட்டும் என்றுதான் கறுப்பு. ஒவ்வொன்றும் 600 லிட்டர் கொள்ளும், ஆனால் 500 லிட்டர்தான் ஊற்றுவார்கள். மேலே காற்றுக்கு இடம் விடவேண்டும். தரையோடு இருக்கும் கீழ்வரிசைக்கு 'சொலேரா' என்று பெயர், தரை என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மேலே உள்ள வரிசைகளுக்கு 'கிரியாதேரா', அதாவது பிள்ளைகளை வளர்க்கும் இடம்.

விற்பனைக்கு எடுப்பது கீழ்வரிசையிலிருந்து மட்டும்தான். அதிலும் பீப்பாயைக் காலி செய்யமாட்டார்கள், ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். எடுத்த இடத்தை மேல்வரிசையிலிருந்து நிரப்புவார்கள். அந்த வரிசையின் குறையை அதற்கும் மேல்வரிசை நிரப்பும். உச்சியில்தான் இந்த ஆண்டின் புது இரசம் போய்ச் சேரும். இப்படியே படிப்படியாக, பல ஆண்டுகளில், புதியது பழையதோடு கலந்து கலந்து தரைக்கு இறங்கி வருகிறது. நம் வீட்டில் நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதற்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

அன்று இரவு தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழ்வரிசைப் பீப்பாய் ஒன்றில் 500 லிட்டர் இருக்கிறது. ஆண்டுக்கு 50 லிட்டர் எடுத்து, 50 லிட்டர் ஊற்றுகிறார்கள். 50 ஆண்டுக்குப் பிறகு, முதல் நாள் அதில் இருந்த இரசத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? ஏறக்குறைய இரண்டரை லிட்டர். 100 ஆண்டுக்குப் பிறகு? ஒரு கரண்டிக்கும் குறைவு, ஏறக்குறைய 13 மில்லி. ஆனாலும் இருக்கும். சொலேராவைத் தொடங்கி வைத்தவன் பேரனும் கல்லறைக்குப் போயிருப்பான். அவன் ஊற்றியது இன்னும் அந்தப் பீப்பாயில் புதிதாக வருவதோடு கலந்துகொண்டிருக்கும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மரத்தின் வழியாக ஆண்டுதோறும் 100க்கு மூன்று முதல் ஐந்து பங்குவரை காற்றோடு போய்விடுகிறது. நான்கு என்று வைத்துக்கொண்டால், எதுவுமே எடுக்காமல் விட்டாலும் 30 ஆண்டில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இதை வானதூதர்களின் பங்கு என்று மது வடிப்பவர்கள் சொல்வது வழக்கம். தூதர்களுக்கு உடல் இல்லை என்று அக்குவினாத் தோமாவிடம் படித்தவன் நான். ஆனாலும் அந்தக் கிடங்கின் காற்றை முகர்ந்தபோது மறுத்துப் பேச மனம் வரவில்லை. போவது பெரும்பாலும் நீர். ஆகவே மிஞ்சுவது மேலும் கெட்டியாகிறது, மேலும் கறுக்கிறது. வெயிலில் ஒருமுறை இழந்த பழம், இருட்டில் இரண்டாம் முறை இழக்கிறது.

அங்குள்ள கொன்சாலெஸ் பையாஸ் என்ற பழைய நிறுவனம், 1835இல் தொடங்கியது, தன் 30 ஆண்டு முதிர்ந்த பெத்ரோ ஹிமெனெஸுக்கு 'நோவே' என்று பெயர் வைத்திருக்கிறது. நம் நோவாதான். உலர் இரசத்தோடு இந்த இனிப்பைக் கலந்து முதிர்த்த மற்றொன்றுக்கு மெத்துசெலாவின் பெயர். மெத்துசெலா பொருத்தம்தான், 969 ஆண்டு வாழ்ந்தவர். நோவாவின் பெயரைப் பார்த்தபோது கொஞ்சம் தயங்கினேன். முதலில் திராட்சைத் தோட்டம் போட்டவரும் அவர்தான், குடித்துவிட்டு ஆடையின்றிக் கூடாரத்தில் கிடந்து பிள்ளைகளைத் தலைகுனிய வைத்தவரும் அவர்தான். குப்பியின்மேல் அந்தப் பெயர் இருப்பது நல்லதென்றே இப்போது நினைக்கிறேன். அந்தக் கிடங்கில் இன்னொன்றும் உண்டு. தரையில் இனிப்பு இரசம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் சாய்த்து வைத்த விரல்நீள ஏணி. எலிகளுக்காம்! குழந்தைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை.

மாமா ஒரு நீண்ட கம்பியின் நுனியில் பொருத்திய சின்னக் குவளையைப் பீப்பாயின் வாய்க்குள் விட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் வெளியே எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். நண்பர் மொழிபெயர்த்தார். அவர் வற்புறுத்தவில்லை. என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, "தேய்த்து முகர்ந்து பாருங்கள்" என்றார். அத்திப்பழம், பேரீச்சை, வறுத்த காப்பிக்கொட்டை, எங்கோ கொஞ்சம் அதிமதுரம். என் சிறுவயது வீட்டில் நான் பயந்த அந்த நெடி அதில் இல்லை. கையைக் கழுவ மனமில்லாமல் மாலைவரை அப்படியே வைத்திருந்தேன்.

அப்போது அவர் சொன்ன ஒரு விதிதான் என்னை அசைத்தது. 30 ஆண்டு முதிர்ந்தது என்று சான்றிதழ் பெற வேண்டுமானால், சுவைத்துப் பார்க்கும் குழு ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஆய்வகத்தில் கார்பன் சோதனையும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வந்த ஏற்பாடு. அதோடு, அதில் ஒரு லிட்டர் வெளியே எடுக்க வேண்டுமானால் அதே இரசம் 30 லிட்டர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். 20 ஆண்டு என்றால் 20 லிட்டர். உள்ளே இருப்பதைக் காட்டினால்தான் எடுக்க முடியும். "நான் இளைஞனாக வந்து உச்சி வரிசையில் ஊற்றிய இரசம் கீழே வந்து சேர்ந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது" என்று மாமா சிரித்தார். கூலியை வாங்கிய கையோடு கடைக்குப் போன ஒரு மனிதரை நான் நினைத்துக்கொண்டேன். அப்பா வீட்டில் எதையும் மிச்சம் வைத்ததில்லை. அரிசிப் பானையைக்கூட.

அந்த ஞாயிறு மதிய உணவுக்குப் பிறகு நண்பரின் தாயார் வெனிலா ஐஸ்கிரீம்மேல் அந்தக் கறுத்த இரசத்தை ஒரு கரண்டி ஊற்றித் தந்தார். அது அங்கே வீடுகளில் வழக்கம். பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்திலும் வைத்தார், நம் மருந்துக் குவளை அளவுதான் இருக்கும். நான் எடுத்துக்கொண்டேன். வாக்கை மீறுகிறோம் என்று தெரிந்தே எடுத்துக்கொண்டேன், அதை மறைக்கப் போவதில்லை. நாவில் பட்டதும் பாகுபோல மெல்ல நகர்ந்தது. முதலில் இனிப்பு. கொஞ்சம் பொறுத்தால் இலேசான கசப்பு, காப்பியுடையது போல. அதற்கும் பிறகு ஒரு புளிப்பு, அதுதான் அத்தனை இனிப்பையும் திகட்டாமல் தாங்குகிறது. விழுங்கி வெகுநேரம் ஆகியும் வாயில் இருந்தது. அடுத்த வாய்க்கு அவசரமே வரவில்லை. சுற்றியிருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் பேசிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னக் கிண்ணம் முடிய அரை மணி நேரம் ஆயிற்று.

ஆனால் இதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும்: ஷெர்ரியிலும் 15 முதல் 22 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. ஹெரெஸிலும் குடியால் அழிந்த குடும்பங்கள் இருக்கும், சந்தேகமே வேண்டாம். பழைய இரசம் என்பதால் மட்டும் யாரும் அளவோடு நின்றுவிடுவதில்லை. கடிதம் எழுதிய சகோதரியே, உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தக் கதை மருந்து அல்ல. அவருக்குத் தேவைப்படுவது நல்ல இரசமும் அல்ல. குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் இருக்கின்றன, பல பங்குகளின் மன்றங்களிலேயே கூடுகின்றன. அவர் வராவிட்டாலும், நீங்கள் உங்கள் பங்குத்தந்தையிடம் போய்ப் பேசுங்கள். நீங்கள் கேட்டது நல்லது என்று ஒன்று இருக்கிறதா என்பது. இருக்கிறது. உங்கள் வீட்டுக்குள் வருவது அது அல்ல என்று நீங்கள் சொன்னதும் சரி.

ஊர் திரும்பும்போது மாமா ஒரு சின்னக் குப்பியைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். அம்மாதான் என் பெட்டியைத் திறந்தார்கள். குப்பியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.

"பீடத்துக்கு வெளியே தொடமாட்டேன்னு சொன்னீங்களே, சாமி."

குருவானவனான நாளிலிருந்து அம்மா என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அதில் இன்னும் கொஞ்சம் மரியாதை கூடும்.

"தொட்டுட்டேன்மா. இத்தனூண்டு கிண்ணம். குடிச்சு முடிக்க அரை மணி நேரம் ஆச்சு."

"உங்க அப்பாவுக்கு அரை நிமிஷம்" என்றார்கள்.

பிறகு ஒன்றும் பேசவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்கள். இரண்டாவது முறையும் மோந்து பார்த்தார்கள். மூடி, அலமாரியில் சீனி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். கொட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன், கொட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு திருவருகைக் காலம் தொடங்கிய வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் ஒரு ஊறுகாய் ஜாடி, வாயைத் துணியால் கட்டியிருந்தது. கிறிஸ்மஸ் கேக்குக்கு அம்மா எப்போதும் பழங்களைச் சர்க்கரைப் பாகில்தான் ஊறவைப்பார்கள், எங்கள் வீட்டில் ரம் வாசலைத் தாண்டியதில்லை. துணியை விலக்கிப் பார்த்தேன். ஸ்பெயின் வெயிலில் காய்ந்த திராட்சையின் இரசத்தில், நம் கடைத் திராட்சை கறுத்து உப்பிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த குப்பியில் கால்வாசிக்கு மேல் இன்னும் மிச்சம் இருந்தது.